ஆச்சி பதில்கள்: எழுந்து போனால் எங்கே போவது?

ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் வெளியேறியதைப் பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பலம் இருந்தது, பயன்படுத்தும் முன்பே கையைவிட்டுப் போனது." அதை ஏற்றும் மறுத்தும் வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: ஆச்சி, பேரம் பேசும் பலம் அதிகம் இருந்தது பிரிட்டனுக்கா, ஐரோப்பாவுக்கா என்று எங்கள் கல்லூரியில் பட்டிமன்றம் நடந்தது. நான் பிரிட்டன் அணி. ஐரோப்பாவுக்கு விற்பதைவிட அங்கிருந்து பிரிட்டன் வாங்குவதுதான் அதிகம், வாங்குகிறவர் பேச்சுதானே எடுபடும் என்று வாதாடினேன். நடுவர் எதிரணிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இது நியாயமா?

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு தப்பில்லை. 2016 வாக்கெடுப்பில் வெளியேறச் சொன்னவர்களின் பெரிய வாதமே அதுதான். ஜெர்மன் கார்க் கம்பெனிகள் தங்கள் அரசிடம் போய் நின்று, 'பிரிட்டனை விட்டுவிடாதீர்கள்' என்று நெருக்கும். நல்ல ஒப்பந்தம் தானாக வரும் என்றார்கள். நடந்தது வேறு. பிரிட்டனோடு செய்யும் வியாபாரத்தைவிட உறுப்பு நாடுகளுக்குள் தடையில்லாமல் வியாபாரம் நடக்கும் ஒற்றைச் சந்தை குலையாமல் இருப்பதுதான் முக்கியம் என்று ஜெர்மன் தொழில்துறைக் கூட்டமைப்பின் தலைவரே 2017இல் சொல்லிவிட்டார். பிரிட்டனின் ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பிய யூனியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. யூனியனின் மற்ற 27 நாடுகளும் தங்களுக்குள் விற்றுக்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் ஏற்றுமதியில் பிரிட்டனுக்கு வந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நஷ்டம் இரண்டு பக்கமும் உண்டுதான். ஆனால் ஒரு பக்கம் அதை 27 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

அதற்காக உங்கள் நடுவரின் தீர்ப்பை நான் முழுசாக ஏற்கவும் மாட்டேன். யூனியனின் பட்ஜெட்டுக்கு அதிகம் பணம் கொடுத்த நாடுகளில் பிரிட்டன் ஒன்று. ராணுவம், உளவுத் தகவல், லண்டன் நிதிச் சந்தை, மீன்வளமுள்ள கடல் எல்லாம் அதனிடம் இருந்தன. அங்கே குடியிருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசினார்கள். மனிதர்களின் குடியிருப்பைப் பேரப் பொருளாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இத்தனையும் இருந்து எங்கே போயிற்று? யூனியனின் விதிகளைச் சொல்லும் லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வெளியேறுகிறோம் என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருஷம் கெடு. அதற்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் ஒப்பந்தமில்லாமலே வெளியே போக வேண்டியதுதான். கெடுவை நீட்ட வேண்டுமென்றால் மற்ற நாடுகள் அத்தனையும் சம்மதிக்க வேண்டும். அந்தப் பிரிவை வரைந்ததில் பெரும்பங்கு ஜான் கெர் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரிக்கு உண்டு. கடிதம் கொடுக்காத வரை கெடு தொடங்காது. அதுவரை காத்துக்கிடந்தது ஐரோப்பாதான்.

2017 மார்ச் 29 அன்று பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். என்னதான் வேண்டும் என்று அவருடைய கட்சிக்குள்ளேயே அப்போது முடிவாகவில்லை. மூன்று வாரத்தில் பொதுத்தேர்தலை அறிவித்து, ஜூன் 8இல் பெரும்பான்மையையும் இழந்தார். பேச்சுவார்த்தை தொடங்கியபோது ஜூன் 19 ஆகிவிட்டது. இரண்டு வருஷக் கெடுவில் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசாமலே கழிந்தது.

அந்த முதல் நாளில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எதை முதலில் பேசுவது என்பதில் கோடைக்காலம் முழுக்கப் பெரிய சண்டை நடக்கும் என்று பிரிட்டன் அமைச்சர் டேவிட் டேவிஸ் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கே ஐரோப்பியத் தரப்பில் பேச வந்த மிஷேல் பார்னியே வைத்த வரிசைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். முதலில் பாக்கிப் பணம், குடியிருப்போர் உரிமை, வட அயர்லாந்துக்கும் யூனியனிலேயே இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவேயுள்ள எல்லை. இவற்றில் போதிய முன்னேற்றம் கண்ட பிறகே வர்த்தகம். பிரிட்டன் கொடுக்க வேண்டியவை எல்லாம் முன்னால், வாங்க வேண்டியது பின்னால். சுமார் 3,900 கோடி பவுண்டு என்று பேசப்பட்ட பாக்கிக்கு ஒத்துக்கொண்டுவிட்டு வர்த்தகம் பேச உட்கார்ந்தால், எதைக் காட்டி எதைக் கேட்பது?

2019 ஜனவரி 15இல் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை அவர் நாட்டு நாடாளுமன்றமே 432க்கு 202 என்று தள்ளியது. எதிர்த் தரப்பு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பட்டிமன்றத் தலைப்பிலேயே எனக்குக் குறை உண்டு. கம்பன் கழக மேடையில் வாதங்களைக் கேட்டு வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: எந்தத் தேதியில் யாரிடம் பலம் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். 2017 மார்ச் 28 வரைக்கும் உங்கள் அணி பேசியதில் நியாயம் இருக்கிறது.

காரைக்குடி, பழம்பொருள் கடைக்காரர்: 'மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தமே இல்லாமல் போவது மேல்' என்று தெரசா மே சொன்னதில் என்ன தப்பு? முனீஸ்வரன் கோயில் தெருவில் எங்கள் கடைக்கு வருகிறவர் ஒரு மரவையை, அதாவது பழைய மரப் பாத்திரத்தை, எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சரி, வர்றேன்' என்று படியிறங்கினால்தான் நான் விலையைக் குறைப்பேன்.

நாலு கடை தள்ளி அதே மாதிரி மரவை கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் குறைக்கிறீர்கள். படியிறங்கிய பிரிட்டனுக்கு அடுத்த கடை எது? உலக வர்த்தக அமைப்பின் பொது விதிகள். அதன்படி ஐரோப்பாவுக்குப் போகும் காருக்கு 10 சதவீத வரி, ஆட்டிறைச்சிக்கு அதைப்போலப் பல மடங்கு, துறைமுகத்தில் லாரிக்கு லாரி ஆவணச் சோதனை.

போகத்தான் போகிறார்கள் என்று எதிரில் இருப்பவர் நம்பினால்தான் மிரட்டல் எடுபடும். ஒப்பந்தமில்லாமல் போனால் சமாளிக்க என்று, 2018 டிசம்பரில் கூடுதல் கப்பல் போக்குவரத்துக்கு பிரிட்டிஷ் அரசு ஏற்பாடு செய்தது. அதில் 1 கோடியே 38 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் பெற்ற கம்பெனியிடம் ஒரு கப்பல்கூட இல்லை. இரண்டு மாதத்திற்குள் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி இது. யூனியனின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

எதிர்வாதமும் உண்டு. இனித் தொடவே மாட்டோம் என்ற ஒப்பந்தத்தை ஐரோப்பா 2019 அக்டோபரில் மாற்றி எழுதச் சம்மதித்ததே தெரசா மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சனின் மிரட்டலால்தான் என்பார்கள். மாற்றி எழுதியது உண்மை. ஆனால் அதில் வந்தது வட அயர்லாந்துக்குத் தனி ஏற்பாடும், ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு நடுவே சரக்குச் சோதனையும். எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் சம்மதிக்க முடியாது என்று 2018 பிப்ரவரியில் தெரசா மே மறுத்த யோசனைக்கு அது வெகு அருகில் இருந்தது. விலை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோட்டையூர், வாசகி: மகன் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. சின்ன நாடு பிரிந்து போனால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?

அவர்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைக் கேளுங்கள். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரின் தண்ணீரில் பெரும்பகுதி மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து வந்தது. 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களை மதிப்போம் என்ற உத்தரவாதத்தைப் பிரிவு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கி, அதை ஐ.நா.விலும் பதிவு செய்தார்கள். 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். அது போதும் என்று இருந்துவிடவில்லை. 2003இல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நியூவாட்டர், 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008இல் மரினா அணை என்று கட்டிக்கொண்டே போனார்கள். தண்ணீர் விலைத் தகராறு பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் பயம் முன்பைவிடக் குறைவாக இருந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்தும் உண்டு. 1982இல் வாக்கெடுப்பு, 1985 பிப்ரவரி 1இல் யூனியனுக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தைவிட்டு வெளியே. மக்கள்தொகை 50 ஆயிரம் சொச்சம்தான், ஆனால் அந்தக் கடல் மீன் மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது. பிடிக்கும் உரிமைக்குப் பணம், தங்கள் மீனுக்கு வரியில்லாத சந்தை, இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

கானாடுகாத்தான், மூத்த வாசகர்: எங்கள் ஐயா மோல்மீனில் லேவாதேவி செய்தவர். 1937இல் இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாமா?

பார்க்கத்தான் வேண்டும் அண்ணே. தேக்குத் தூணுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பிரிவினையில் சம்பந்தம் உண்டு.

பிரிக்கலாம் என்று 1930இல் சைமன் கமிஷன் சொன்னது. 1932 தேர்தலில் பர்மாவில் ஜெயித்தவர்கள் பிரிவினையை எதிர்த்தவர்கள். இந்தியக் கூட்டாட்சியில் சேருகிறோம், வேண்டியபோது விலகும் உரிமை வேண்டும் என்பது அவர்களின் பேரம். விலகும் உரிமை கிடையாது என்று லண்டன் சொல்லிவிட்டது. அங்கே இருந்தபடியே பிரிவினையையும் முடிவு செய்தார்கள். இந்தியாவுக்கு பர்மா எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று கணக்குப் பார்த்ததும் லண்டனில், பிரிட்டிஷ் அரசியல்வாதி எல்.எஸ். ஏமரி தலைமையிலான குழு. 1937 ஏப்ரல் 1 அன்று பிரிவினை ஆயிற்று.

எங்கள் வீட்டு இரும்புப்பெட்டியில் ஒரு துணிமூட்டை இருக்கிறது. பர்மாவில் பெகு பக்கத்து வயல்களின் அடமானப் பத்திரங்கள். வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து, பின்பக்கம் என் ஐயா பென்சிலில் தமிழில் போட்ட வட்டிக் கணக்கு. அவர் அங்கே ஒரு மார்க்காவில், அதாவது செட்டியார் வட்டிக்கடையில், அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். அந்த ஏப்ரலுக்கு முந்தைய பத்திரத்திலும் பிந்தையதிலும் ஒரே கையெழுத்துதான். ஆனால் பிந்தையதைக் காப்பாற்ற வேண்டிய சட்டம் வேறு நாட்டுச் சட்டமாகிவிட்டது.

பர்மிய விவசாயியின் வலியையும் சொல்லாமல் இருப்பது அநியாயம். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமல் போனது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. அவர்களுக்கு நம்மவர் மேல் வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. பெரும்பாலானோருக்கு இழப்பீடு கைக்கு வரவில்லை.

அந்த விவசாயியும் என் ஐயாவும் எந்த மேஜையிலும் உட்காரவில்லை. 2016 வாக்கெடுப்பில் பிரிட்டனில் குடியிருந்த ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்கும் வாக்கு கிடையாது. பேரம் பற்றிய இத்தனை விவாதத்தில் என்னை வருத்துவது இதுதான். யார் பலசாலி என்று பேசுகிறவர்கள், யார் தலையில் விடியும் என்று கேட்பதே இல்லை.

பள்ளத்தூர், வாசகர்: பிரிட்டன் மறுபடி சேருமா?

ஜோசியம் சொல்ல மாட்டேன். விரும்பினால் அதே உடன்படிக்கையின் 49ஆவது பிரிவின்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். 1984இல் மார்கரெட் தாட்சர் வாங்கிய பட்ஜெட் தள்ளுபடி, பவுண்டை வைத்துக்கொள்ளும் விலக்கு, எல்லைச் சோதனையில்லாமல் போய்வரும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேராமலிருக்கும் விலக்கு எல்லாம் உள்ளே இருந்துகொண்டு வாங்கியவை. இனி ஒவ்வொன்றையும் வெளியே நின்று கேட்க வேண்டியிருக்கும்.