குலுக்கல் போட்டு உதவி செய்யலாமா? ஆர்.சி.டி. ஆய்வுகள் பற்றிக் கேள்வி பதில்

வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளின் நியாய அநியாயம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சர்வே குழுக்களோடு பல ஊர்களுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு.

மேடம், ஆர்.சி.டி. என்றால் என்ன?

ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரையல் என்பதன் சுருக்கம். ஊர்களையோ குடும்பங்களையோ குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டம் வரும், மற்றதற்கு வராது. பிறகு இரண்டு பக்கமும் போய், திட்டத்தால் என்ன மாறியது என்று அளந்து பார்ப்பார்கள். இதை வளர்ச்சிப் பொருளாதாரத்தில் பரப்பியதற்குத்தான் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு.

பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேரைக் காத்திருக்க வைப்பது பாவம் இல்லையா?

எல்லாருக்கும் கொடுக்கப் பணமும் ஆளும் இருந்தும் ஆய்வுக்காக மட்டும் நிறுத்தி வைத்தால் பாவம்தான். ஆனால் பெரும்பாலும் நிலைமை அப்படி இருப்பதில்லை. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் திட்டம். ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் போக அரசால் முடியவில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320க்கு முதலில் வந்தது, 186 ஊர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தன. யாராவது காத்திருந்துதான் ஆக வேண்டும் என்னும்போது, எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஊர் முதலில் என்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது. 2000இல் ஆட்சி மாறியபோது அந்தத் திட்டம் பிழைத்ததில் அந்த ஆய்வு முடிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் தமிழ்நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா அக்கா?

நடந்திருக்கிறது. 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் பாதிக்கு மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளர் போட்டார்கள். அந்த மையங்களில் குழந்தைகளின் படிப்பும் முன்னேறியது, ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. மறுபாதியில் இருந்த டீச்சரை யாரும் எடுக்கவில்லை, சத்துணவையும் குறைக்கவில்லை. என் மனசு இதை ஏற்றுக்கொள்கிறது.

கென்யாவில் தண்ணீரை நிறுத்தி ஆய்வு செய்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். என்னை ரொம்பப் பாதித்த விஷயம் இது. நைரோபியில் கயோலே சொவேட்டோ என்ற குடிசைப் பகுதி. உலக வங்கித் திட்டத்தின் வழியாகக் குழாய் இணைப்பு வந்தது. பில் பாக்கி வைத்திருந்த வீட்டு உரிமையாளர்களில் குலுக்கலில் தேர்வானவர்களுக்கு நோட்டீஸ் போனது. அதற்குப் பிறகும் கட்டாதவர்களுக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. பாக்கி வைத்தது உரிமையாளர், தண்ணீர் இல்லாமல் போனது அங்கே குடியிருந்தவர்களுக்கும் சேர்த்து. பில் கட்டுவது கூடியது என்று 2020இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் பல நாட்டு ஆய்வாளர்கள் கொதித்துப்போனார்கள்.

பாக்கி வைத்தால் துண்டிப்பது குடிநீர் நிறுவனத்தின் வழக்கமான விதிதான் என்று ஆய்வாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. விதி ஏட்டில் இருப்பது வேறு. யார் வீட்டில் அதைச் செயல்படுத்துவது என்பதை ஆய்வின் குலுக்கல் தீர்மானிப்பது வேறு. வாடகைக்கு இருக்கும் பெண் குடம் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இன்னும் கொடுக்காததைத் தள்ளிப்போடுவதையும் கையில் இருப்பதைப் பிடுங்குவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தர எத்திக்ஸ் கமிட்டி இருக்கிறதே, அது போதாதா?

கமிட்டி வந்த கதையே கசப்பானது. அமெரிக்காவில் டஸ்கீகீ என்ற ஊரில் சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் குணமாக்கும் என்று தெரிந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று 1932 முதல் 1972 வரை கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்ச்சியில் வந்ததுதான், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறைகள் சொன்ன 1979இன் பெல்மாண்ட் அறிக்கை. கமிட்டி தேவைதான். ஆனால் அது பெரும்பாலும் காகிதத்தைத்தான் பார்க்கிறது, வாசலைப் பார்ப்பதில்லை. சர்வேக்குப் போகிறவர்கள் ஒப்புதல் படிவத்தை மூச்சு விடாமல் வாசிப்பார்கள்; அந்த வீட்டு அம்மா அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து நிற்பார். "கையெழுத்துப் போடலேன்னா ரேஷன் கார்டுல கை வைப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தப் பயத்தில் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று நான் எண்ண மாட்டேன்.

ஏன் எப்போதும் ஏழைகள் மேல்தான்?

ஆங்கஸ் டீட்டனும் இதைத்தான் கேட்கிறார், அவரும் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர். நேர்மையான கேள்வி. மறுத்துப் பேசும் வலு ஏழைக்குக் குறைவு, சோதனைச் செலவும் குறைவு. பணக்காரத் தெருவில் தண்ணீரை நிறுத்திப் பார்க்க எந்தக் கமிட்டியாவது அனுமதிக்குமா?

எங்கள் ஊருக்கு அடுத்த வாரம் சர்வேக்கு வருகிறார்கள். என்ன கேட்கட்டும்?

முதலில், மாட்டேன் என்று சொன்னால் இப்போது கிடைத்துக்கொண்டிருக்கும் எதுவும் நிற்குமா என்று கேளுங்கள். இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். திட்டம் நல்லதென்று தெரிந்தால் விடுபட்ட ஊர்களுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள், புகார் சொல்ல ஃபோன் நம்பர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.