மேலே சுற்று கூட்டினால் கசிவு நிற்குமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலைக்கு 6 அங்குல எஃப்ஆர்பி (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்) அமில லைன் போட்டோம். வேலை அழுத்தம் 10 பார். 15 பாருக்குத் தண்ணீர் டெஸ்ட் வைத்தபோது, 12-லேயே இரண்டு ஜாயின்ட்டில் வியர்வை போலத் துளிர்த்துவிட்டது. மேலே நாலு சுற்று மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டால் போதுமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போதாது. முதலில் ஒரு ஜாயின்ட்டை அறுத்துப் பாருங்கள். ஜாயின்ட்டின் மேல் சுற்றிய பட்டை பைப்பை விட்டு வழுவழுவென்று கழன்று வந்தால் குறை ஒட்டில்தான். பைப்பின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. அப்போதுதான் கனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முனை மூடிய 150 மி.மீ. லைனில் 15 பார் ஏற்றினால், ஜாயின்ட்டை நீளவாக்கில் இழுக்கும் விசை சுமார் 2.7 டன். பட்டை இரு பக்கமும் 75 மி.மீ. ஏறியிருந்தால், ஒட்டின் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் சராசரியாக 0.75 நியூட்டன்தான் வருகிறது. ஒழுங்காகத் தேய்த்து ஒட்டியது இதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் இழுப்பு சமமாகப் பரவாது. பட்டையின் ஓரங்களிலும், பைப் முனைகள் சேரும் நடுவிலும் குவியும். ஓரத்தைச் சரிவாக முடிக்காமல் படிபோல விட்டால் உரிவது அங்கேதான் தொடங்கும். பழைய பட்டைமேல் கனம் ஏற்றினால் விறைப்பு கூடும், அடியில் விட்டுப்போன ஒட்டு அப்படியே இருக்கும்.

அந்த இரண்டு ஜாயின்ட்டையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். பட்டை அகலத்துக்கு வெளியே இன்னும் 25 மி.மீ. வரை, பளபளப்பு துளியும் இல்லாமல் முரட்டு டிஸ்க்கால் தேய்க்க வேண்டும். மேல்பூச்சில் உள்ள மெழுகுதான் ஒட்டின் முதல் எதிரி. தேய்த்த இடத்தில் வெறுங்கை படக்கூடாது. அன்றே சுற்றிவிட வேண்டும். அறுத்த முனைகளை ரெசின் (நாரைப் பிணைத்து இறுகும் பிசின்) புட்டியால் அடைக்காவிட்டால் அமிலம் கண்ணாடி நாருக்குள் ஏறும். முதல் சுற்று மேட், ரோவிங் (நெய்த நார்த்துணி) அல்ல. மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திச் சூடு தணிய விடுங்கள்.

கடலூர்க் காற்றில் ஈரம் அதிகம். பைப்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய்க் கூடாரம் இல்லாமல் ரெசின் டப்பாவையே திறக்காதீர்கள். கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை விரைவாக்குவது) கேட்டலிஸ்ட்டையும் (இறுகுவதைத் தொடக்கி வைப்பது) நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். இறுகியபின் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் டெஸ்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். டெஸ்ட்டும் தண்ணீரில் மட்டுமே, உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு.

கேள்வி: இரும்பு வால்வோடு சேரும் எஃப்ஆர்பி பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பு), பைப்போடு சேரும் கழுத்தில் விரிசல் விடுகிறது. ஏன்?
- வாசகர், சேதராப்பட்டு, புதுச்சேரி

பதில்: வால்வின் பிளாஞ்ச் நடுவில் மேடாக இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது எஃப்ஆர்பி பிளாஞ்ச் அந்த மேட்டின்மேல் வளைந்து கழுத்தில் உடைகிறது. மேட்டைச் சுற்றியுள்ள பள்ளத்துக்கு வளையம் வைத்துச் சமமாக்குங்கள். முழு முகத்துக்கும் கசிவைத் தடுக்க மென்மையான ரப்பர் கேஸ்கெட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர், எதிரெதிராக மூன்று நான்கு தவணையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கம்.