சார்ஜரைக் கழற்றினால் அணையும் லேப்டாப்: போர்டை மாற்றுவதற்கு முன்

மேலூரில் டி.டி.பி. மையம் நடத்தும் வாசகி ஒருவரின் கேள்வி: “லேப்டாப் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சார்ஜர் செருகியிருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பேட்டரி 100 சதவீதம் என்றே காட்டுகிறது. ஆனால் கரண்ட் போன அந்த நொடியே அணைந்துவிடுகிறது. மதுரையில் ஒரு கடையில் காட்டினேன்; மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?”

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் போர்டும் காரணமாக இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நான்கு ஆண்டுகள் பகலெல்லாம் சார்ஜரிலேயே கிடந்த ஒரு லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். 100 சதவீதம் என்று காட்டும்போது அது எப்படிக் கெட்டிருக்கும் என்று கேட்பீர்கள். கண்மாய் கரை தொட்டு நிற்பதைப் பார்த்தால் தண்ணீர் ஏராளம் என்றுதான் தோன்றும்; உள்ளே எத்தனை அடிக்கு மண் மேவிக் கிடக்கிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. திரையில் காட்டும் சதவீதமும், இன்றைக்கு எஞ்சியிருக்கும் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கே தவிர, புதிதில் இருந்த கொள்ளளவின் கணக்கு அன்று.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. லேப்டாப் பேட்டரிக்குள் லித்தியம் செல்கள், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு, தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாக நிரம்பிய செல் ஒன்றில் ஏறத்தாழ 4.2 வோல்ட் இருக்கும். செல் முதிர முதிர அதன் உள்மின்தடை, அதாவது தன்னுள் ஓடும் மின்சாரத்தைத் தானே தடுக்கும் தன்மை, ஏறுகிறது. சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகவே தெரியும். சார்ஜரை உருவி, மொத்தச் சுமையும் பேட்டரியின் மேல் விழுந்ததும் சடாரென்று இறங்கும். வரிசையில் ஒரே ஒரு செல் நலிந்திருந்தாலும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். உங்கள் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் அணைவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. சார்ஜருடன் லேப்டாப்பை ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்குள் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குச் செல்லுங்கள். டெல் என்றால் எஃப் 2, ஹெச்.பி. என்றால் எஃப் 10. மற்றவற்றுக்கு அந்தந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். பல மாடல்களில் பேட்டரியின் நிலையே அங்கு எழுதியிருக்கும். அந்தத் திரையிலேயே வைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். சில நிமிடங்கள் தாக்குப்பிடித்து, விண்டோஸில் மட்டும் நொடியில் அணைகிறது என்றால், போர்டு பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கிறது, ஆனால் செல்லால் சுமை தாங்க முடியவில்லை என்று பொருள். பயாஸிலும் உடனே அணைந்தால், பேட்டரி, அதன் கனெக்டர், போர்டு ஆகிய மூன்றில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர் சி.எஃப்.ஜி. என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதையும் சேர்த்து எழுதி (powercfg /batteryreport) எண்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேர்ந்தது என்பதை அதுவே காட்டும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ 41,000 மில்லிவாட் ஹவர் என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 12,000 என்றும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இரண்டும் நெருக்கமாக இருந்தால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்; வெகுநாள் சார்ஜரிலிருந்து கழற்றப்படாத பேட்டரியின் கணக்குச் சிப் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி மீண்டும் ஏற்றும் வைத்தியத்தைப் பலரும் சொல்வார்கள். பேட்டரியே தெரியாமல் போனால் அது சில நேரம் பலிக்கும். நலிந்த செல்லை எழுப்பாது.

கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, பேட்டரியில் பூஜ்யம் வோல்ட் என்று சொன்னாலும் உடனே நம்பிவிட வேண்டாம். லேப்டாப்பில் பொருத்தி, குறிப்பிட்ட ஒரு பின் கிரவுண்ட் இணைப்புடன் சேர்ந்தால்தான் பல பேட்டரிகள் வெளியே மின்சாரம் விடும். மேசையில் தனியே கிடக்கும்போது நல்ல பேட்டரியும் பூஜ்யம் காட்டக்கூடும். ஐயமற்ற சோதனை ஒன்றே: அதே மாடலின் நல்ல பேட்டரியை உங்கள் கண்முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் அணைந்தால் கனெக்டரோ போர்டோதான் குற்றவாளி. அப்போதும், பேட்டரிக்கும் போர்டுக்கும் இடையே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ, சார்ஜிங் ஐ.சி.யோ பழுதாகியிருக்கலாம், சிப் லெவல் வேலை தெரிந்தவர் அதை மட்டும் மாற்றித் தருவார்.

இத்தனைக்கும் முன்னால், லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ, அடிப்பக்கம் புடைத்தோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாமல் அணைத்து, கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

புதிய பேட்டரி வாங்கும்போது பழையதன் பார்ட் எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லேபிளில் அச்சிட்ட வாட் ஹவரை நம்பி இருந்துவிடாமல், பொருத்திய முதல் வாரத்திலேயே ஒருமுறை 100 சதவீதத்திலிருந்து 10 வரை ஓடவிட்டு, மீண்டும் நிரப்பி, அதே அறிக்கையை எடுத்துப் பாருங்கள்; ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி பாதிக்குக் கீழே இருந்தால் கேரண்டி இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். நாள் முழுதும் சார்ஜரிலேயே வேலை பார்ப்பவர் நீங்கள் என்பதால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள். முழுச் சார்ஜும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் லித்தியம் செல் சீக்கிரமே தளர்ந்துவிடும்.