அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகலாமா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் நெடுங்கேணி. அப்பாவுக்கு 61 வயது, தோட்டம் செய்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடமாக வவுனியாவில் செவ்வாயும் வெள்ளியும் டயலிசிஸ். அப்பாவின் கூட்டாளி ஒருவர் சண்டைக் காலத்தில் இந்தியா போய், இப்போது குடும்பத்தோடு சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறார். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை அவருடைய மகளுக்குக் கலியாணம். "வந்து ஒரு கிழமை நில்லுங்கோ" என்கிறார்கள். அப்பாவுக்கும் ஆசை. சுகமில்லை என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். டயலிசிஸ் என்று சொன்னால் கலியாண வீட்டில் சுமையாகிவிடுவோமோ என்று யோசிக்கிறோம். போகலாமா? சொல்லாமல் சமாளிக்கலாமா?

— ச., நெடுங்கேணி

அன்புள்ள ச.,

பார்க்கிற சிறுநீரக டொக்டர் சம்மதித்தால் போகலாம். சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். ஒன்றரை வருடமாக டயலிசிஸ் ஒழுங்காக ஓடுவது நல்ல அறிகுறி. கழுத்தில் போட்ட குழாய் வழியே டயலிசிஸ் ஓடுபவர், இடையில் பிறஷர் விழுந்து மயங்குபவர், அண்மையில் மூச்சுமுட்டி வார்ட்டில் கிடந்தவர் என்றால் வேண்டாம் என்றிருப்பேன்.

விமான ரிக்கற்றைக் கடைசியில் எடுங்கள். முதலில் டயலிசிஸ் இடம். பெயர்பெற்ற பெரிய ஆஸ்பத்திரியைத் தேட வேண்டாம். கூட்டாளி வீட்டிலிருந்து சில கிலோமீற்றருக்குள் உள்ள யூனிட்டே நல்லது. சென்னை நெரிசலில் ஒரு மணி நேரம் பிந்தினால் அப்பாவின் டயலிசிஸ் நேரத்தைக் குறைத்துவிடக்கூடும். திகதியும் நேரமும் எழுத்தில் வரட்டும். ஒருவருக்குப் பாவித்த டயலைசரை, அதாவது இரத்தத்தை வடிக்கும் வடிகட்டியை, கழுவி அவருக்கே திரும்பப் பாவிக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஒவ்வொரு முறையும் புதியது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கலியாணம் வியாழன் என்பது உங்கள் அதிர்ஷ்டம். வெள்ளி வவுனியாவில் ஓடிவிட்டுச் சனி பறக்கலாம். ஓடிய அன்றே பயணம் வேண்டாம். உடம்பு களைத்திருக்கும், பிறஷரும் தளம்பும். சென்னையில் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று முறை கேளுங்கள். புதன் ஓடினால் மறுநாள் கலியாணத்தில் ஆள் தெளிவாக இருப்பார். சனி திரும்பினால் செவ்வாய் வவுனியா, வழக்கமான இடைவெளிதான்.

அந்த யூனிட் கேட்பது இவை: ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் புதிய இரத்தப் பரிசோதனை; காய்ந்த எடை, அதாவது மேலதிகத் தண்ணீர் எடுத்த பிறகு உள்ள எடை, எத்தனை கிலோ; எந்தக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயலிசிஸ் ஊசி போட இரத்தக் குழாய்களை இணைத்த இடம்; எத்தனை மணி நேரம், இரத்த ஓட்ட வேகம், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் அளவு; கடைசி மூன்று முறை ஓடிய தாள்கள்; ஹீமோகுளோபின், பொட்டாசியம். பரிசோதனை முடிவு வரச் சில நாள் எடுக்கும், இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். மருந்துகளைக் கம்பனிப் பெயரில் எழுதாமல் மருந்தின் சொந்தப் பெயரில் டொக்டரிடம் எழுதி வாங்குங்கள், கம்பனிப் பெயர்கள் அங்கே வேறு. இரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொயிட்டின் ஊசி கொண்டுபோவதானால் 2 முதல் 8 பாகை குளிரில், கைப்பையில் வையுங்கள். ஐஸ் பொதியில் நேரே படவிடாதீர்கள். உறைந்தால் அது வீண்.

விசா மருத்துவ விசாவாக இருக்கட்டும், கூடப் போகும் உங்களுக்கு உதவியாளர் விசா. இணையத்திலேயே எடுக்கலாம், அதற்கு அந்த ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும். இன்னொன்றைக் கூட்டாளி வீட்டாருக்கு நினைவூட்டுங்கள்: வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் இணையத்தில் பதிய வேண்டும். கலியாண அமளியில் இதுதான் மறந்துபோகும்.

புளியங்குளத்தில் ஏ9 வீதி ஏறி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போவது, இரவிரவாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். காங்கேசன்துறைக் கப்பல் மலிவுதான், ஆனால் கடல் குழம்பினால் நிறுத்திவிடுவார்கள். டயலிசிஸ்காரருக்கு ஒரு நாள் பிந்துவது சின்ன விசயம் இல்லை.

இனி அந்த வீடு. பாதி சொல்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. சுகமில்லாதவர் என்று கேள்விப்பட்டால் நம் சனம் முதலில் நீட்டுவது இளநீர். பிறகு சாத்துக்குடிச் சாறு, வாழைப்பழம், கீரை சூப். அத்தனையிலும் பொட்டாசியம். சிறுநீர் போகாத உடம்பில் அது இரத்தத்தில் ஏறி, வலி ஒன்றும் காட்டாமலே இதயத் துடிப்பைக் குழப்பும். டயலிசிஸ் என்று தெரிந்த வீட்டில் அந்த இளநீர் வராது. காமரங்கா என்ற ஐந்து முனைப் பழத்தைத் தொடவே கூடாது, அது மூளையையும் தாக்கும். பிறஷருக்கு நல்லது என்று சில வீடுகளில் பாவிக்கும் சோடியம் குறைந்த உப்பும் கூடாது; அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். பந்தியில் சோறு, கோவா, பீன்ஸ் கறி போதும். சாம்பாரும் ரசமும் தக்காளி, பருப்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்தவை. அப்பளமும் ஊறுகாயும் உப்பு. உப்பு தாகத்தைக் கிளப்பும், சென்னை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர்க் கணக்கு: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவு, கூட அரை லீற்றர். தேத்தண்ணி, சொதி, ஐஸ்கட்டி எல்லாம் இதற்குள். ஒரு லீற்றர் குடித்தால் ஒரு கிலோ ஏறும், ஆகவே காலையில் எடை பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் மெஷினில் தண்ணீர் இழுப்பதைத் தவிர்ப்பார்கள். 55 கிலோ ஆள் என்றால் நாலு மணி நேரத்தில் 2.86 லீற்றர். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு போனால் கால் பிடிப்பு, பிறஷர் வீழ்ச்சி.

ஃபிஸ்டுலாக் கையில் பிறஷர் பார்க்க, ஊசி குத்த, பை தூக்க விடாதீர்கள். காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள்; அதிர்வு இல்லாவிட்டால் உடனே யூனிட்டுக்கு. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் அந்த இடத்திலேயே இரண்டு விரலால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். கையைச் சுற்றிக் கட்ட வேண்டாம். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. படுத்தால் மூச்சு முட்டுவது, கால்கள் திடீரெனச் சோர்வது, குளிர்காய்ச்சல் இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் முதல் வசனமே "டயலிசிஸ் நோயாளி, பொட்டாசியமும் ஈசிஜியும் பாருங்கள்" என்று இருக்கட்டும். இதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் வவுனியா யூனிட்டில் கேட்க வேண்டியது ஒன்று. வேறிடத்தில் ஓடிவிட்டு வருபவருக்குக் கிருமிப் பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள், அதுவரை வேறு மெஷினிலும் போடக்கூடும். அப்பாவின் செவ்வாய் இடம் அப்படியே இருக்குமா, எந்தப் பரிசோதனையோடு வர வேண்டும் என்று பொறுப்பான தாதியிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு ரிக்கற் எடுங்கள்.