மினி கூப்பர் எஸ்: பெல்ட் கத்தினால் பெல்ட்டையே மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்

கேள்வி: லண்டனில் 2005 மாடல் மினி கூப்பர் எஸ் (ஆர்53) ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது. 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை குறைந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் இரண்டு பெல்ட் மாற்றியாயிற்று. முன்பு வைத்திருந்தவர் சூப்பர்சார்ஜருக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) '15 சதவீத' சிறிய புல்லி (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம்) போட்டிருக்கிறார். கோளாறு எங்கே இருக்கும்?

பதில்: இரண்டு மாதத்தில் இரண்டு பெல்ட் போயிருந்தால் பெல்ட்டின் மேல் குற்றமில்லை. மூன்றாவதை வாங்குவதற்கு முன், கழற்றிப் போட்ட பழைய பெல்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

ஒரு பக்க ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டிலிருந்து விலகி ஓடுகிறது. உட்பக்க வரிகள் கண்ணாடிபோல் மின்னினால், சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருந்தால், பெல்ட் வழுக்குகிறது. வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இப்போதைய இபிடிஎம் எனும் செயற்கை ரப்பர் பெல்ட்கள் பழையவைபோல் வெடிப்பதில்லை. பள்ளங்கள் தேய்ந்து ஆழமாகி, பிடிப்பை இழக்கும். எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் முதல் வேலை கிராங்க் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டு) முன்பக்க ஆயில் சீல். கசிவை நிறுத்தாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் ஊறிவிடும்.

இந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. ஆறு வரி கொண்ட ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் மூன்றையும் சுற்றுகிறது. வாட்டர் பம்ப் பெல்ட்டில் இல்லை. சூப்பர்சார்ஜரின் பின்முனையில் உள்ள கியர் வழியாக ஓடுகிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் பேட்டரிக்குச் சார்ஜும் போகும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓட்டமும் நிற்கும். பேட்டரி விளக்கு எரிந்த பிறகு, 'வீடு வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட்டுக்குச் செலவு செய்ய வேண்டிவரும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பதுதான் சரி.

சோதனையைத் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கத்தும் நேரத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். தொங்கும் சட்டைக் கையும் கழுத்துச் சங்கிலியும் அருகே போகக்கூடாது. சத்தம் உடனே அடங்கி, காய்ந்ததும் திரும்பினால் புல்லி வரிசை கோணியிருக்கிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. கடையில் விற்கும் 'பெல்ட் டிரெசிங்' ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். சத்தத்தைச் சில நாள் மறைத்துவிட்டு, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து வலது முன்சக்கரம். ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் வீல் ஆர்ச் லைனரையும் கழற்றினால் கிராங்க் புல்லி தெரியும். ஆர்53இல் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நடுவில் இரும்பு ஹப், வெளியே வளையம், இடையில் ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வளையம் ஹப்பின் மேல் வழுக்கும், அல்லது மெல்ல வெளியே நகரும். ஹப், ரப்பர், வளையம் மூன்றையும் கடக்குமாறு வெள்ளை பெயின்டில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் புல்லி முடிந்தது. பெல்ட் அங்கே ஒழுங்காகப் பிடித்திருந்தாலும் வளையம் ஹப்பின் மேல் வழுக்குவதால் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) கிடைக்காது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் தீராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஓடும்போது வளையம் தள்ளாடுகிறதா என்றும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஸ்பிரிங்கோடு சின்ன ஷாக் அப்சார்பர்போல ஒரு டாம்பரும் உண்டு. அதில் எண்ணெய் ஈரம் இருந்தாலோ, ஐடிலில் டென்ஷனர் கை சுமார் 6 மி.மீ.க்கு மேல் துள்ளினாலோ அது போய்விட்டது. டென்ஷனர் கை அசையும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்து கை சாய்ந்திருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஏறும்.

இனி அந்தச் சிறிய புல்லி. விட்டம் 15% குறைந்தால் சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய 17.6% வேகமாகச் சுழலும். சுற்றுவதற்கு வலுவும் கூடுதலாக வேண்டும். ஆனால் பெல்ட் தொட்டுப் பிடிக்கும் பரப்போ குறைந்துவிட்டது. இதற்குக் குட்டையான பெல்ட் வேண்டும். கடைக்காரர் வண்டி எண்ணைப் பார்த்து ஒரிஜினல் அளவைக் கொடுத்திருந்தால், டென்ஷனர் கை தன் எல்லைத் தடுப்பில் போய் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் இறுக்க அதனால் முடியாது. கை தடுப்பைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் அறிகுறிகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

5,000க்கு மேல் இழுவை குறைவதை பூஸ்ட் கேஜ் வைத்து உறுதி செய்யலாம். ஒரிஜினல் புல்லியில் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறி உச்சத்தில் சுமார் 0.8 பார் வரை போகும். சிறிய புல்லியில் இன்னும் கூட வேண்டும். ஏறிவந்து உயர் ஆர்பிஎம்மில் சரிந்தால் வழுக்கல். தொடக்கத்திலிருந்தே குறைவாக இருந்தால் பெல்ட்டை விட்டுவிட்டு பைபாஸ் வால்வையும் (காற்றைத் திருப்பிவிடும் வால்வு) இன்டர்கூலரின் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ரப்பர் பூட்களையும் பாருங்கள்.

பெல்ட்டைக் கழற்றியதும் ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), டென்ஷனர் உருளை, ஆல்டர்னேட்டர் ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பதுபோல் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. சூப்பர்சார்ஜர் ஒரே சீரான கனத்தோடு சுற்ற வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் குளிர்ந்த எஞ்சினை பெல்ட் இல்லாமல் 20 விநாடி மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள், அதற்கு மேல் கூடாது. வாட்டர் பம்ப் நின்றிருக்கும். சூப்பர்சார்ஜரைக் கழற்றும் நிலை வந்தால் முன்முனை, பின்முனை இரண்டின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பின்முனை வறண்டு கியர் தேய்ந்தால், பெல்ட் நன்றாக இருக்கும்போதே வாட்டர் பம்ப் நின்றுவிடும்.

கிராங்க் புல்லிக்கும் சூப்பர்சார்ஜர் புல்லிக்கும் அதற்கென உள்ள புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கை வைக்காதீர்கள். சூப்பர்சார்ஜர் புல்லி ஷாஃப்டில் அழுத்திப் பொருத்தியது. கடப்பாரையால் நெம்பினால் பேரிங் சேதமாகும். புது பெல்ட் போட்டதும் எஞ்சினை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, எல்லாப் புல்லியிலும் ஆறு வரியும் சரியான பள்ளத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீழே ஏசி கம்ப்ரசர் புல்லியில் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.