சுவரில் ஓதம், குழந்தைக்கு ஓயாத இருமல்: வீட்டு உரிமையாளர் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார், போதுமா?

போதாது. ஓதத்துக்கும் குழந்தையின் இருமலுக்கும் தொடர்பு இருக்கலாம். வெளியூரில் தங்கும் நாள்களில் இருமல் குறைகிறதா என்று கவனித்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டில், பக்கத்து வீட்டுக் குளியலறையை ஒட்டிய சுவரில் இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பெயின்ட் உப்பிக்கொண்டு, கை பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். மகளுக்கு அப்போது நான்கு வயது. எத்தனை மருந்து கொடுத்தும் இரவில் இளைப்பு நிற்கவில்லை. அவள் எங்கே படுக்கிறாள் என்று குழந்தை மருத்துவர் கேட்ட பிறகு பீரோவை நகர்த்திப் பார்த்தோம். அதன் பின்பலகை முழுவதும் கரும்பச்சைப் பூசணம். அவளுடைய தலையணை அதிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது.

பூசணம் மட்டுமல்ல, மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்வதால் ஈரமான அறையில் பெருகுகின்றன, அவற்றின் கழிவும் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஈர வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசத் தொற்றும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தன் வழிகாட்டுதலில் கூறிவிட்டது. எல்லா இருமலுக்கும் சுவர்தான் காரணம் என்றோ, இன்ஹேலரை நிறுத்துங்கள் என்றோ நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு மாறிய பிறகு இளைப்பு வெகுவாகக் குறைந்தும், மருத்துவர் சொல்லும்வரை நாங்கள் இன்ஹேலரை நிறுத்தவில்லை.

எங்கள் உரிமையாளரோ, வீட்டுக்குள் துணி உலர்த்துவதால்தான் ஓதம் என்றார். இங்கிலாந்தின் ராச்டேலில் 2020-இல் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் குடும்பத்தார் பூசணத்தைப் பற்றி முறையிட்டபோதும், வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதி அமைப்பினர் அந்தக் குடும்பம் வாழும் முறையைத்தான் குறை கூறினார்கள். பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததே அக்குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார்.

உங்கள் உரிமையாளரிடம் கசியும் குழாயையோ மாடித் தளத்தையோ முதலில் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்துவிடும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணை கட்டுமானப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. சுவரைத் தேதியோடு படம் எடுத்து, எழுத்து மூலமாகவே கேளுங்கள். எங்களிடம் அப்படி எதுவும் இல்லாததால், காலி செய்தபோது அதே சுவருக்குப் பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள்.