டயர் கேள்வி–பதில்: கரிசலில் ஏ.டி. டயர் கை கொடுக்குமா?

ஏ.டி. டயர் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: எச்.டி. (ஹைவே டெரைன்) என்பது தார் ரோட்டுக்கான டயர், எம்.டி. (மட் டெரைன்) சேற்றுக்கானது, ஏ.டி. (ஆல் டெரைன்) இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நடுவில் நிற்பதால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பொலேரோ வைத்திருக்கிறேன், 215/75 ஆர் 15 டயர். வாரத்தில் ஐந்து நாள் டவுனும் நான்குவழிச் சாலையும், சனி ஞாயிறு தோட்டம். தோட்டம் முழுக்கக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி மாட்டிக்கொள்கிறது. ஏ.டி. போட்டால் சரியாகுமா?
– வாசகர், கோவில்பட்டி

ஆகாது. செம்மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால் உடனே போடுங்கள் என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் அந்த மண் பட்டனுக்கு (தரையில் படும் ரப்பர் கட்டிகளுக்கு) இடையில் புகுந்தாலும் டயர் சுற்றும்போது உதிர்ந்துவிடும். கரிசல் அப்படி இல்லை. அது தண்ணீரைக் குடித்து உப்புகிற களிமண். மழை பெய்த மறுநாள் காலையில் காட்டுக்குள் பத்தடி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் செருப்பு தடித்துக்கொண்டே போகுமே, டயருக்கும் அதே கதிதான். ஏ.டி. டயரின் இடைவெளிகள் நாலு சுற்றில் அடைந்துவிடும், அப்புறம் நீங்கள் ஓட்டுவது மொட்டை டயர்.

எம்.டி. டயரில் இடைவெளி அகலம், சக்கரம் வேகமாகச் சுற்றும்போது சேற்றை வெளியே வீசும், அதனால் கரிசலில் ஓரளவு தேறும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் நான்குவழிச் சாலையில் போகிற உங்களுக்கு அது தண்டனை. காது வலிக்கும், சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகும்.

இன்னொன்று, உங்கள் வண்டி பின்சக்கர டிரைவ். காலியாகப் போகும்போது பின்பக்கம் எடை குறைவு, அதனால்தான் சுற்றிக்கொண்டே நிற்கிறது. என்ன டயர் போட்டாலும் அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. பின்னால் இரண்டு மூட்டை உரம் ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். வழக்கமாக மாட்டும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், டயர் செட்டுக்கு ஒதுக்கிய காசில் அங்கே கிராவல் அடித்துவிடுங்கள். டயர் மூன்று நான்கு வருடத்தில் தேயும், கிராவல் கிடக்கும்.

ஒரே ஒரு காரணத்துக்காக ஏ.டி. பக்கம் போகலாம் என்றால் அது சீமைக் கருவேல முள். ஏ.டி.யில் பட்டன் ஆழமும் ரப்பர் தடிப்பும் பொதுவாக அதிகம் என்பதால் பஞ்சர் குறையும். அடிக்கடி பஞ்சர் கடையில் நிற்பவராக இருந்தால் அடுத்த முறை டயர் மாற்றும்போது யோசியுங்கள்.

மாருதி ஜிம்னியில் 235/75 ஆர் 15 ஏ.டி. போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும். போடலாமா?
– வாசகர், கோவை

கம்பீரமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. கணக்கைப் பார்ப்போம். கம்பெனி கொடுப்பது 195/80 ஆர் 15. அகலம் 195 மி.மீ., அதில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 156. மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ., ஆக மொத்தம் 693. இதே கணக்கில் 235/75 டயரின் உயரம் சுமார் 733, கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டினால் வண்டி அதன் கணக்குக்கு மேல் இன்னொரு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உரசும், அதற்காக சஸ்பென்ஷனைத் தூக்கச் சொல்வார்கள், அந்தச் செலவு தனி. எல்லா கியரும் ஒரு படி சோம்பலாகும், 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அது ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். இவ்வளவுக்கும் அடிப்பக்க உயரத்தில் கிடைப்பது 20 மி.மீ.தான், கூடின உயரத்தில் பாதி.

215/75 ஆர் 15 போடுங்கள். உயரம் சுமார் 703, ஒன்றரை சதவீத வித்தியாசம், பெரும்பாலும் எதுவும் உரசாது, அந்த அளவில் ஏ.டி. டயர்களும் நிறையக் கிடைக்கின்றன. வாங்கும்போது பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பழைய டயரில் 96 என்று இருக்கும், ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். அதற்குக் குறையவே கூடாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஃபெண்டருக்கு (மட்கார்டுக்கு) வெளியே டயர் துருத்திக்கொண்டு நின்றால் செக்போஸ்டில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தினமும் ஊட்டி ரோடு, கடைசி மூன்று கிலோமீட்டர் எஸ்டேட்டுக்குள் கல் பாதை. வருடத்தில் பாதி நாள் மழை. ஏ.டி. மழையில் வழுக்கும் என்கிறார்களே?
– வாசகர், கூடலூர்

ஏ.டி. யாருக்காகச் செய்தார்களோ அவர் நீங்கள்தான், தாராளமாகப் போடுங்கள். கல் பாதையில் பட்டன் தேய்வதைவிடப் பக்கச் சுவர் கிழிவதுதான் பெரிய தொல்லை, கிழிந்தால் ஒட்ட முடியாது, டயரே போச்சு. ஏ.டி.யில் அந்தச் சுவர் தடிப்பாக இருக்கும்.

மழையில் வழுக்கும் என்பது பாதி உண்மை. ஈரத் தார் ரோட்டில் நல்ல எச்.டி. டயர் நிற்கும் தூரத்தில் ஏ.டி. நிற்காது, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள். கடையில் பட்டனின் மேல் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஈர ரோட்டில் பிடிப்பு தருவதில் அந்தக் கோடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு, கோடே இல்லாத பெரிய கட்டிப் பட்டன் உங்களுக்கு வேண்டாம். அப்புறம் தயாரிப்புத் தேதி. பக்கச் சுவரில் 2324 என்று இருந்தால் 2024-ம் வருடம் 23-வது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தாலும் மலை ரோட்டுக்கு வாங்காதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும்.

மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய பிராண்டு டயரெல்லாம் கிடையாது. லோ கியர், பொறுமை, எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்கிற பழக்கம், இதில்தான் ஏறுகிறார்கள்.

அண்ணாச்சி, மணலில் ஓட்ட எந்த ஏ.டி. டயர் நல்லது?
– வாசகர், தூத்துக்குடி

டயர் வாங்க வேண்டாம், காற்றை இறக்குங்கள். 32, 35 பி.எஸ்.ஐ. இருப்பதை 18 வரைக்கும் இறக்கினால் டயர் தரையில் படுகிற நீளம் கூடும், எடை பரவும், புதையாது. ஆழமான பட்டன் மணலைத் தோண்டத்தான் செய்யும், அதனால் 18-ல் இருக்கும் சாதா டயர் 35-ல் இருக்கும் ஏ.டி.யை மணலில் ஜெயிக்கும். காற்று குறைவாக இருக்கும்போது வேகமும் வேண்டாம், சட்டென்று திருப்பவும் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி வெடிக்கும். ஒரு சின்ன கம்ப்ரசரும் நம்பகமான கேஜும் வாங்கிக்கொள்ளுங்கள். மணல்தானே என்று குதிரைமொழித் தேரி (செம்மணல் மேடு) பக்கம் இறங்கிவிடாதீர்கள், அது காப்புக்காடு, அனுமதி வேண்டும்.

பின்னால் மட்டும் இரண்டு ஏ.டி. போட்டால் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் கூடவே கூடாது. மஹிந்திரா தார், ஜிம்னி போன்றவற்றில் முன் பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கருவி) கிடையாது. சக்கர உயரம் மாறினால் ஃபோர் வீலில் போட்டதும் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) தேவையில்லாத முறுக்கு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கி, 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். டூ வீல் டிரைவ் வண்டியிலும் முன்னும் பின்னும் வேறு பிடிப்பு இருந்தால் மழையில் பிடிப்பு குறைந்த முனை முதலில் வழுக்கிவிடும்.

மைலேஜ் குறையுமா?
– வாசகர், சேலம்

குறையும். டயர் எடை கூடுதல், உருளும்போது எதிர்ப்பும் கூடுதல். 80-ஐத் தாண்டினால் உறுமலும் கேட்கும், தேயத் தேய அது கூடும். ரோட்டை விட்டு எப்போதாவது ஒருமுறைதான் இறங்குவீர்கள் என்றால் எச்.டி.யே போதும்.

டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மண்ணில் இறங்கும்போதெல்லாம் காற்றை இறக்கி ஏற்றுகிறவர் என்றால் காசு கொடுத்து அடித்ததைக் காட்டில் விட்டுவிட்டு வரப்போகிறீர்கள், எதற்கு?